பத்து மணிக்கு யாருமில்லாத ஊர்

பஸ் எங்கள் தலைக்கு மேலே போனது.

கதை விடவில்லை. நிஜமாகவே தலைக்கு மேலேதான். காலை நேரம். தோளில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் கம்பெனி கார்டு, தலையில் இன்னும் காயாத ஈரம். வேம்படிக் கண்டிகை ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். வாலாஜாபாத்திலிருந்து தாம்பரம் போகிற பஸ் தூரத்தில் தெரிந்ததும் வழக்கம்போல் கையை நீட்டினேன். அது எங்கள் பக்கம் இறங்கும் சர்வீஸ் ரோட்டுக்குத் திரும்பவில்லை. புதிதாகத் திறந்திருந்த மேம்பாலத்தில் ஏறி, ஹாரன்கூட அடிக்காமல் போய்விட்டது.

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டேன்.

பக்கத்தில் நின்ற அம்மா, "டிரைவர் புச்சு போலக் கீது, வழி தெர்ல" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த பஸ்ஸும் மேலேயே போனது. அதற்கடுத்ததும் அப்படியே. எல்லா டிரைவருமா புதுசு?

பாலம் கட்டி முடிகிறவரை தூசியைத் தின்றது நாங்கள். குண்டும் குழியுமாகச் சுற்றிச் சுற்றிப் போனது நாங்கள். பாலம் திறந்ததும் பஸ் மட்டும் எங்களை விட்டுவிட்டுப் போகுமாம். நல்லா இருக்கு நியாயம்!

சொன்னார்களாம்

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். இந்த வாரம்தான் கையில் எடுத்திருக்கிறீர்கள் என்றால் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயர் சண்முகக்கனி. சங்கரன்கோவில் பக்கம் பிறந்து, ஒரகடத்துக்கு வேலைக்கு வந்து, கண்டிகைக்காரரைக் கட்டிக்கொண்டு இங்கேயே நிலைத்தவள். வாய் கொஞ்சம் நீளம். அதை நானே சொல்லிவிட்டால் மற்றவர்கள் சொல்ல வேண்டியிருக்காது.

அன்று மாலை நேராக ஊராட்சித் தலைவர் முனுசாமி அண்ணன் வீட்டுக்குப் போனேன். நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் "பாத்துக்கலாம்" என்பார்.

"இன்னா கனி, உனக்குத் தெரியாதா? பஸ் இனிமே மேல்தான். டிப்போல முடிவு பண்ணிட்டாங்க. மைக்ல சொன்னோமே!"

"எப்ப சொன்னீங்க?"

"போன வாரம். ஆட்டோ கட்டி, தெருத் தெருவாச் சொன்னோம். பதினோரு மணி இருக்கும்."

பகல் பதினோரு மணி! எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊர் ஒருநாளும் முழுசாக விழித்திருப்பதில்லை. விடியும் முன்பே ஒரு கூட்டம் முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிடும். அவர்கள் போன பிறகு, இரவு ஷிப்ட் பார்த்தவர்கள் வந்து, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப் படுத்துவிடுவார்கள். மத்தியான ஷிப்டுக்காரர்கள் அப்போதுதான் துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரே அறையில் மூன்று பெண்கள் தங்கியிருப்பார்கள். வாரத்தில் ஒருநாள்தான் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொள்வாள். பதினோரு மணிக்கு மைக்கில் சொன்னால் யார் காதில் விழும்? தூங்குகிறவர்கள் தலையணையை எடுத்துக் காதில் அமுக்கிக்கொண்டிருப்பார்கள்.

வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார்களாம். ஊர்க் குழுவைத் திறந்து தேடினேன். ரோஜாப்பூ போட்ட காலை வணக்கங்கள், காணாமல் போன ஒரு கருப்பு ஆடு, யாரோ ஒருவர் பேரனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து, அதற்கு வரிசையாகக் கும்பிட்ட கைகள். இவற்றுக்கு நடுவே எங்கள் பஸ் போன செய்தி இருந்தது. அதற்கும் நாலு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

கேட்

"பஸ் இல்லன்னா ஷேர் ஆட்டோல போயேன்" என்றார் என் வீட்டுக்காரர் தேவராஜ். குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவருக்குக் கம்பெனி பஸ் உண்டு, வாசலுக்கே வரும்.

பெரிய கம்பெனிகளுக்குத்தான் அந்த பஸ்ஸெல்லாம். நான் இருப்பது அவர்களுக்குச் சாமான் செய்து கொடுக்கிற ஒரு சின்ன ஷெட். ஒரகடம் தாண்டி, படப்பை போகிற வழியில் இருக்கிறது. காருக்குள் போகிற வயர்களைக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுகிற வேலை. கான்ட்ராக்ட் ஆள்தான். ஆனால் அந்த லைனில் என் இடம் என்று ஒன்று உண்டு. நான் சுற்றின டேப் இதுவரை திரும்பி வந்ததில்லை.

ஷேர் ஆட்டோவில் என்ன தொல்லை என்றால், அது நிறையாமல் கிளம்பாது. நிறைந்து கிளம்பினாலும் ஒரகடத்தோடு சரி. அங்கே இறங்கி இன்னொன்று பிடிக்க வேண்டும். அதுவும் நிறைய வேண்டும். நான் உள்ளே உட்கார்ந்து, "இன்னும் ஒருத்தர், இன்னும் ஒருத்தர்" என்று டிரைவர் கத்துவதைக் கேட்டுக்கொண்டே மணியைப் பார்ப்பேன். பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஸ்டாப்புக்கு நடந்தும் பார்த்தேன். நடைபாதையே கிடையாது. கன்டெய்னர் லாரி உரசினாற்போல் போகும்போது உயிர் போய் உயிர் வரும்.

எங்கள் ஷெட்டில் மணி அடித்ததும் கேட்டை மூடிவிடுவார்கள். செக்யூரிட்டி அண்ணன் கண்டிப்பானவர். "ரூல்ஸ்மா" என்று ஒரு வார்த்தை சொல்வார், அவ்வளவுதான். அந்த வாரத்தில் கேட்டுக்கு வெளியே நின்று உள்ளே மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அந்த அவமானம் இருக்கிறதே, சொல்லி முடியாது.

சூப்பர்வைசர் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அக்கா, இந்த மாசம் முழுக்க இப்படியே போச்சுன்னா கான்ட்ராக்டர் வேற ஆள் போட்டுருவாரு. நான் சொல்லி நிறுத்த முடியாதுக்கா."

வீட்டில் வந்து சொன்னேன். தேவராஜ் தட்டிலிருந்து நிமிராமல், "வுட்டுட்டு வூட்ல இரேன். இன்னாத்துக்கு இந்த ஓட்டம்?" என்றார்.

எனக்குக் கண்ணில் பொறி பறந்தது. குழம்புக் கரண்டியைச் சட்டியில் போட்ட வேகத்தில் அவர் சட்டையிலும் கொஞ்சம் தெறித்தது. அது தற்செயல் என்று இன்றுவரை சொல்லிவருகிறேன்.

நடுவில் ஒரு பழைய கதை

அந்த வேலை எனக்கு ஏன் அவ்வளவு பெரிசு என்று நீங்கள் கேட்கலாம்.

முதலில் இங்கே வந்தபோது எனக்குப் பெரிய கம்பெனியில் வேலை. ஊரிலிருந்து ஒரு பஸ் நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சீருடை, ஷூ, கேன்டீனில் வேண்டுமளவு சாம்பார். எங்களைப் பார்த்து இந்த ஊர்க்காரர்கள், "தெக்கத்திப் பொண்ணுங்க இன்னா சோறு துன்னுதுங்க!" என்று வாய் பிளந்தார்கள். நாங்கள் அவர்கள் பேசும் "கீது"வைக் கேட்டுச் சிரித்தோம். பிறகு கல்யாணம், மகள், வேலையை விட்டது. மகள் வளர்ந்து நான் திரும்பிப் போய்க் கேட்டபோது, எல்லா கேட்டிலும் இருபது வயசுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். என்னைப் பார்த்து, "உங்க பொண்ணுக்காம்மா வேலை?" என்று கேட்டார்கள்.

அந்தச் சின்ன ஷெட்தான் "வாங்க" என்றது. நாற்பதைத் தாண்டியவளை வாங்க என்று சொன்ன இடம். அதைப் பஸ் வரவில்லை என்பதற்காக விடுவேனா? செத்தாலும் மாட்டேன்.

கூட்டம் காட்டுவோம்

முனுசாமி அண்ணனை நச்சரித்து நச்சரித்து டிப்போவுக்கு அனுப்பினேன். எந்த டிப்போ என்று கேட்காதீர்கள், அவர்களும் பிழைத்துப் போகட்டும். திரும்பி வந்து சொன்னார்: "உங்க ஸ்டாப்ல ஆளே ஏறது இல்லன்றாங்க கனி. கூட்டம் இருந்தா காட்டுங்க, வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்து பாக்கறோம்னாங்க."

காட்டிவிட்டால் போச்சு! நல்லவேளை, எங்கள் ஷெட்டுக்கு வியாழக்கிழமைதான் வார லீவு.

எனக்குத் துணை விஜி. தூத்துக்குடிப் பெண், மேட்டுத் தெரு ஹாஸ்டலில் இருக்கிறாள். சிரித்துக்கொண்டே ஆளை வேலை வாங்குவதில் கெட்டிக்காரி. இரவு ஷிப்ட் முடித்து வந்த பிள்ளைகளைப் படுக்கவிடாமல் இழுத்து வந்தாள். ரேஷன் கடையில் நின்ற பெண்களை நான் கூட்டி வந்தேன். நூறு நாள் வேலைக்காரர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். ஒன்பதரைக்கெல்லாம் ஸ்டாப் நிரம்பி வழிந்தது. முனுசாமி அண்ணன் வெள்ளைச் சட்டையில் பல்லெல்லாம் தெரிய நின்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் பாபு வந்தான். எங்கள் ஊர் ஷேர் ஆட்டோ டிரைவர். அவ்வளவு பெரிய கூட்டத்தை அவன் ஜென்மத்தில் கண்டதில்லை. பிரேக் போட்டு, போனை எடுத்து, "டேய் மாமா, கண்டிகைக்கு வாடா, ஊரே நிக்குதுடா!" என்று கூட்டாளிகளுக்கெல்லாம் சொல்லிவிட்டான். ஒன்றன்பின் ஒன்றாக ஆட்டோக்கள் வந்து நின்றன. எல்லாம் காலி. "ஒரகடம் ஒரகடம் ஒரகடம்!"

காலி ஷேர் ஆட்டோ என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் தெரியுமா? டிரைவர் பக்கத்தில் ஒட்டி உட்கார வேண்டாம். யார் மடியிலும் பை வைக்க வேண்டாம். ஜன்னல் ஓர சீட்டு! எத்தனை வருஷத்துப் பழக்கம்! கால்கள் தானாக ஓடின. நான் "ஏறாதீங்க, ஏறாதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். மண்வெட்டியை உள்ளே தள்ளிவிட்டு ஏறுகிறார்கள். விஜி இழுத்து வந்த பிள்ளைகளில் இரண்டு பேர், தூக்கக் கலக்கத்தில் கம்பெனி வண்டி என்று நினைத்து ஏறிவிட்டார்கள்.

டிப்போ அதிகாரியின் ஜீப் வந்தபோது ஸ்டாப்பில் நானும் விஜியும் தலைவரும் ஓர் ஆடும்தான் இருந்தோம்.

அவர் இறங்கக்கூட இல்லை. கண்ணாடியை இறக்கி, "இதுதான் உங்க கூட்டமா?" என்றார். முனுசாமி அண்ணன் அந்த வெள்ளைச் சட்டைக்குள் சுருங்கிப் போனார். மானம் போச்சு.

மாலையில் ரேஷன் கடை அக்கா ஒருத்தியைப் பிடித்துக் கேட்டேன். "ஒரகடத்துல உங்களுக்கு என்ன வேலை?"

"வேலை ஒண்ணும் இல்ல கனி. வண்டி காலியா வந்துச்சா, வுட மனசு வர்ல."

பாபுவோ, "ஏறினாங்க, ஓட்னேன். நான் இன்னாக்கா பண்றது?" என்று பாவம்போல் நின்றான். ஊரே சிரிப்பாய்ச் சிரித்தது. நான் அன்று சாப்பிடவில்லை.

கம்பெனி பஸ் செய்தி

மூன்றாம் நாள் விஜிதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "எக்கா, பத்து மணிக்கு நாம ஏன் ஆளைக் கூட்டணும்? நெசமா கூட்டம் நிக்கிற நேரத்துக்கு அவியதான வரணும்?"

அட! இது எனக்குத் தோன்றவில்லையே! பத்து மணிக்கு எங்கள் ஊரில் யார் பஸ்ஸுக்கு நிற்பார்கள்? கம்பெனி பஸ் இல்லாத சின்ன ஷெட்டுக்காரர்கள், வாலாஜாபாத் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஷிப்ட் நேரத்தை ஒட்டித்தான் நிற்பார்கள். அவர்களுடைய கூட்டத்தை டிப்போ பார்த்ததே இல்லை. நாளெல்லாம் பஸ் கீழே வர வேண்டாம். ஷிப்ட் நேரங்களில் மட்டும் இறங்கி வந்தால் போதும்.

மே தினம் பக்கத்தில் இருந்தது. அன்று கிராம சபை. கம்பெனிகளுக்கெல்லாம் லீவு. வருஷத்தில் கண்டிகை மொத்தமும் ஒரே நேரத்தில் விழித்திருக்கிற அபூர்வமான நாள். ஆனால் கிராம சபைக்கு யார் வருவார்கள்? எப்போதும் வருகிற பத்திருபது பேர்தான். மீதிப் பேருக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது.

மைக் ஆட்டோவை நம்பவில்லை. விஜியும் அவள் தோழிகளும் ஆளுக்கொரு கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள். உள்ளூர் ஆட்களும் அதே பஸ்களில்தான் போகிறார்கள். பஸ் கிளம்பியதும், பாட்டை நிறுத்தச் சொல்லி, முன்னால் எழுந்து நின்று சொன்னார்கள்: "கண்டிகைக்காரவுக எல்லாரும் கேளுங்க. மே ஒண்ணாந்தேதி ஸ்கூல் கிரவுண்டுக்கு வரணும். பஸ்ஸுக்காக." ஒவ்வொரு ஷிப்டிலும் சொன்னார்கள். எங்கேயும் ஓடிப் போக முடியாமல் சீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குச் செய்தி சொல்வதுபோல் சுகம் வேறில்லை.

ஸ்கூல் கிரவுண்ட்

பந்தல் கொள்ளவில்லை. முனுசாமி அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஊராட்சிச் செயலர் கொசு ஒழிப்பு, பிளாஸ்டிக், குடிநீர்த் தொட்டி என்று படித்துக்கொண்டே போனார். முடிந்ததும் எழுந்து பஸ் பேச்சை எடுத்தேன்.

"பஸ் விஷயம் நம்ம அதிகாரத்துல இல்லம்மா" என்றார் செயலர்.

"பஸ்ஸை நீங்க ஓட்ட வேண்டாம் சார். தீர்மானம் போட்டுக் கொடுங்க, போதும்."

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். பழைய வார்டு மெம்பர் கோவிந்தன். "வாடகைக்குக் குந்திகினு கீறவங்களுக்கெல்லாம் எங்க ஊர் சபையில இன்னா பேச்சு? அதுங்க ஏறத்துக்கு நாங்க தீர்மானம் போடணுமா?"

விஜியின் முகம் சுண்டிப்போனது. எனக்குச் சுருக்கென்றது.

"சரி மெம்பரே. அந்தப் புள்ளைங்க கை தூக்க வேண்டாம், அதுங்களுக்கு ஓட்டு இங்க இல்ல. ஆனா அதுங்க எல்லாம் காலி பண்ணிட்டுப் போயிட்டா, உங்க ரெண்டு மாடியிலயும் யாரைக் குடி வைப்பீங்க? காக்காவையா?"

பந்தல் அதிரச் சிரிப்பு. கோவிந்தனே சிரித்துவிட்டார்.

நான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். "ஓட்டு உள்ளவங்க மட்டும் சொல்லுங்க. கம்பெனி பஸ் இல்லாம வேலைக்குப் போறவுக யாரு? பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்புறவுக யாரு? ஷிப்ட் நேரத்துக்கு மட்டும் பஸ் கீழ வந்தா போதும்னு சொல்றவுக கை தூக்குங்க."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கை தூக்குவது என்றால் கூச்சம். அடுத்தவன் தூக்கட்டும் என்று பார்ப்பார்கள். வியாழக்கிழமை மாதிரி ஆகிவிடுமோ?

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்தார். தேவராஜ். இருபது வருஷத்தில் அந்த மனிதர் பொது இடத்தில் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

"பஸ்ஸு வேணும்பா" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் பொண்டாட்டி வேலைக்குப் போவணும்."

கையைத் தூக்கினார். அதன் பிறகு எத்தனை கை என்று எனக்குத் தெரியாது. கண் கலங்கி எதுவும் தெரியவில்லை. சந்தோஷத்தில்தான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

சார், தள்ளி நில்லுங்க

தீர்மானத்தை எடுத்துக்கொண்டு முனுசாமி அண்ணன் டிப்போவுக்குப் போனார். இந்தமுறை "பாத்துக்கலாம்" என்று சொல்லவில்லை. "ஷிப்ட் விடற நேரத்துக்கு வாங்க சார். சொல்லாம கொள்ளாம வாங்க" என்றாராம்.

அதே அதிகாரி சொல்லாமல்தான் வந்தார். சாயங்காலம், ஷிப்ட் விட்டு ஜனம் ஒரு பக்கம் இறங்க, அடுத்த கூட்டம் ஷேர் ஆட்டோவில் ஏற நின்ற நேரம். அவருடைய ஜீப் ஸ்டாப்புக்கு வரவே முடியவில்லை. இறங்கி நடந்து வந்தவரை யாரோ முட்டினார்கள். யாருடைய டிபன் கேரியரோ இடித்தது. விஜி அவர் முகத்தைக் கவனிக்காமல், "சார், க்யூவுல வாங்க, தள்ளி நில்லுங்க" என்று அதட்டிவிட்டாள்.

அவர் தள்ளி நின்றார். கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "தினமும் இப்படித்தானாம்மா?" என்று கேட்டார்.

"இன்னைக்குக் கொஞ்சம் கம்மி சார்" என்றேன்.

நல்ல மனிதர்தான். பார்க்க வேண்டிய நேரத்தில் பார்த்ததும் புரிந்துகொண்டார். அடுத்த வாரமே உத்தரவு வந்தது. ஷிப்ட் நேரத்து பஸ்கள் மட்டும் கண்டிகைக்குள் வந்து போகும். அந்தச் செய்தியை நாங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடவில்லை. கம்பெனி பஸ்ஸில்தான் சொன்னோம். கைதட்டல் மூன்று ஷிப்டிலும் கேட்டதாம்.

முதல் நாள் பஸ்ஸில் உட்கார இடமே இல்லை. பஸ்ஸுக்காகச் சண்டை போட்டவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாருடைய முழங்கையோ விலாவில் இடிக்க நின்றுகொண்டு போனேன். கண்டக்டர், "உள்ள போ, உள்ள போ, காலியாத்தானே கீது!" என்று கத்தினார். எனக்கு அது நாதஸ்வரமாகக் கேட்டது. வழியெங்கும் சிரித்துக்கொண்டே போயிருக்கிறேன். ஒரு சின்னப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றாள்.

ஷெட் வாசலில் இறங்கினேன். வழக்கம்போல் ஓட்டமாக ஓடிக் கேட்டுக்குப் போய் மூச்சு வாங்க நின்றேன். கேட் மூடியிருந்தது. போச்சு, இன்றைக்கும் லேட்! பிறகுதான் கவனித்தேன். உள்ளே மெஷின் சத்தமே இல்லை.

செக்யூரிட்டி அண்ணன் டீ கிளாஸோடு எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, இவ்ளோ சீக்கிரம்? இன்னும் கேட்டே தொறக்கல. டைம் ஆவட்டும், வெளிய நில்லு. ரூல்ஸ்மா."

பையைக் கீழே வைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். வேப்ப மரத்து நிழலில் நன்றாகச் சாய்ந்து நின்றுகொண்டேன்.

"மெதுவாத் தொறங்கண்ணே" என்றேன். "எனக்கு ஒரு அவசரமும் இல்ல."